அளம்: ஒரு தொழில்நிலச் சொல்லின் பொருளும் ஆட்சியும்

1. முன்னுரை

நிலத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் இருவகைப்படும். இயற்கையில் அமைந்தவாறே கிடக்கும் நிலத்தைக் குறிப்பன ஒருவகை; மக்கள்தம் உழைப்பால் உருமாறிய நிலத்தைக் குறிப்பன மற்றொரு வகை. மலை, கான், கழி, மணல் என்பன முன்னைய வகையைச் சாரும். வயல், தோட்டம், ஏரி, களம் என்பன பின்னைய வகையைச் சாரும். உழவுத் தொழிலுக்குரிய நிலச்சொற்கள் தமிழிற் பலவாகப் பெருகி இன்றும் வழங்குகின்றன. பிற தொழில்களுக்குரிய நிலச்சொற்களோ மிகச் சிலவே. அவற்றுள்ளும் தனித்து நின்று வழங்குவன அரியன. அத்தகைய அருஞ்சொற்களுள் ஒன்று 'அளம்' என்பது.

இன்று இச்சொல் பொதுமக்கள் வழக்கில் 'உப்பளம்' என்னும் தொகைச்சொல்லின் பிற்பகுதியாகவே பெரிதும் அறியப்படுகின்றது. 'அளம்' எனத் தனியே கூறின் பொருள் விளங்காது மயங்குவோரே பலர். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இச்சொல்லுக்கு உப்பளம் என்னும் பொருளோடு நெய்தல் நிலம் என்னும் பொருளையும் தருகின்றது. இவ்விரு பொருளும் ஒன்றல்ல. உப்பளம் என்பது ஒரு தொழிற்களம். நெய்தல் நிலம் என்பது கடல்சார்ந்த நிலம் முழுமையும் தழுவிய ஒரு திணைப்பிரிவு. இவற்றுள் எது முதற்பொருள், எது வழிப்பொருள் என்பதை ஆராய்வதும், இலக்கியம், ஊர்ப்பெயர், ஆட்சிமுறை ஆகிய மூன்றினும் இச்சொல் பெற்ற இடத்தைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது வெறும் சொல்லாராய்ச்சியளவில் நின்றுவிடுவதன்று. ஒரு நிலத்தை இயற்கை நிலமாகக் கொள்வதா, உழைப்பால் ஆக்கப்பட்ட நிலமாகக் கொள்வதா என்னும் வினா, அந்நிலத்தில் உழைத்தவர்க்கு உரிமை உண்டா இல்லையா என்னும் வினாவோடு பின்னிக் கிடக்கின்றது. உப்பின் வரலாற்றில் அவ்வினா பெருவழக்காக எழுந்ததைப் பின்னர்க் காண்போம்.

2. சொல்லமைப்பு

'உப்பளம்' என்பது உப்பு + அளம் எனப் பிரியும். நிலைமொழி ஈற்றுக் குற்றியலுகரம் உயிர்வரக் கெட்டு, மெய்யோடு உயிர் புணர்ந்து 'உப்பளம்' என்றாயிற்று. நெற்களம், போர்க்களம் என்பனபோல இதனை உப்பு + களம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அங்ஙனமாயின் வல்லினம் மிக்கு 'உப்புக்களம்' என்றே நிற்றல் வேண்டும். ககரம் கெட விதியில்லை. ஆகவே களம் வேறு, அளம் வேறு என்பது தெளிவு.

'அளம்' என்பதனை அளத்தற்பொருளில் வரும் 'அள' என்னும் வினையோடு இயைத்து, அளந்து வகுக்கப்பட்ட நிலம் எனப் பொருள்கொள்ள இடமுண்டு. பாத்தி பாத்தியாகப் பகுக்கப்பட்டமையின் இப்பொருள் முதற்கண் ஏற்புடையது போலத் தோன்றும். ஆயின் வயலும் தோட்டமும் அளந்து வகுக்கப்படுவனவே. அவற்றுள் எதற்கும் அளம் என்னும் பெயர் வாராமல் உப்பு விளையும் நிலத்திற்கு மட்டும் வந்தமைக்கு இவ்விளக்கம் காரணம் காட்டவில்லை. எனவே வேறு இனச்சொற்களை நோக்குதல் வேண்டும்.

'அளறு' என்பது சேற்றைக் குறிக்கும் பழஞ்சொல். திருக்குறளில் இது நரகத்தைக் குறிக்கும் ஆட்சியும் பெற்றுள்ளது. விழுந்தார் எழமாட்டாது அழுந்தும் சேறு என்னும் கருத்தே அவ்வாட்சிக்கு அடிப்படை. 'அளக்கர்' என்பதற்குக் கடல், சேறு முதலிய பொருள்களை நிகண்டுகள் கூறும். கையாற் குழைத்தலும் கலத்தலும் 'அளைதல்' எனப்படும். நீரும் மண்ணும் கலந்து குழைந்த நிலை என்னும் கருத்து இச்சொற்கள் அனைத்தினும் ஊடுருவி நிற்றலைக் காணலாம். அளம் என்னும் சொல்லையும் இவ்வினத்தோடு சேர்த்தெண்ணுவதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. அங்ஙனம் கொள்ளின் அளம் என்பதன் அடிப்பொருள் 'குழைத்து ஆக்கிய சேற்றுநிலம்' என்பதாகும். மலையாளத்திலும் அளம் என்பது உப்பு விளைக்கும் நிலத்தையே குறித்தலால், இப்பொருள் தமிழும் மலையாளமும் பிரிவதற்கு முன்னரே நிலைபெற்றிருத்தல் வேண்டும் எனக் கருதலாம்.

இப்பொருளுக்குத் தொழின்முறையே அரணாகின்றது. உப்புப் பாத்தியின் அடித்தளம் தானே அமைவதன்று. களிமண் கலந்த நிலத்தைச் சமன்செய்து, நீர் பாய்ச்சி, காலால் மிதித்து மிதித்து இறுகச் செய்வர். தளம் நன்கு இறுகாவிடின் பாய்ச்சிய உவர்நீர் மண்ணுட் சுவறிப் போகும். விளையும் உப்பிலும் மண் கலக்கும். ஆண்டுதோறும் மழைக்காலம் கழிந்தபின் இவ்வேலையை மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல் வேண்டும். ஆகவே அளத்தின் உயிர்நிலை உப்பன்று. உப்பைத் தாங்கும் அந்த மிதித்த சேற்றுத்தளமே ஆகும். சொல்லும் அதனையே சுட்டுகின்றது.

இங்கு ஒரு தடை எழலாம். அளம் என்றாலே உப்பு விளையும் நிலமாயின், 'உப்பளம்' என மீண்டும் உப்பைச் சேர்த்துக் கூறுவது மிகையன்றோ என்பது அத்தடை. அளம் என்பது முதலில் சேற்றுத்தளத்தையே சுட்டிப் பின்னர் உப்புத்தொழிலுக்குச் சிறப்பாயிற்று எனின், உப்பு என்னும் அடைமொழி தொடக்கத்தில் வேறுபடுத்துதற்பொருட்டு வந்தது எனலாம். தனிச்சொல் அருகிய பிற்காலத்தில், பொருள் விளங்குதற்பொருட்டு அத்தொகையே பெருவழக்காயிற்று. எனவே இத்தொகைச்சொல் மேற்கூறிய அடிப்பொருளுக்கு மாறாவதில்லை; அதற்குத் துணையாகவே நிற்கின்றது.

3. அளமும் அயற்சொற்களும்

கடற்கரையில் உவர்ப்போடு தொடர்புடைய நிலத்தையும் நீரையும் குறிக்கும் சொற்கள் பல. அவற்றின் எல்லைகளை வரையறுத்துக்கொண்டாலன்றி அளத்தின் எல்லை விளங்காது.

'உவர்' என்பது உவர்ப்புச் சுவையையும் உவர்த்தன்மை வாய்ந்த மண்ணையும் குறிக்கும். இது கடற்கரையிலும் உள்நாட்டிலும் உண்டு. 'களர்' என்பது பயிர் விளையாத நிலம். உவர்ப்பு அதற்கு ஒரு காரணமாகலாம். 'கழி' என்பது கடல்நீர் உட்புகுந்து கிடக்கும் நீர்ப்பரப்பு. இம்மூன்றும் இயற்கையின் ஆக்கம். மனிதன் கைபடாமலே உவர் உவராகவும், கழி கழியாகவும் இருக்கும். அளமோ அங்ஙனம் இருத்தல் இயலாது. கழியிலிருந்து நீரைக் கொணர்ந்து, வரப்பிட்ட பாத்தியிற் கட்டி, வெயிலிற் காயவைத்து, உரிய பதத்தில் உப்பை வாரும் உழைப்பு இருந்தாலன்றி அளம் என்பது இல்லை. கைவிடப்பட்ட அளம் சில மழைக்காலங்களில் மீண்டும் உவர்நிலமாகிவிடும்.

உள்நாட்டில் உவர்மண்ணை நீரிற் கரைத்து வடித்து உப்பெடுக்கும் தொழிலும் பண்டு இருந்தது. அம்மண் எடுக்கப்பட்ட நிலம் உவர்நிலம் என்றே வழங்கிற்று. அளம் எனப் பெயர் பெறவில்லை. உப்புக் கிடைக்கும் இடமெல்லாம் அளமாகாது, உப்பு விளைவித்தற்கென அமைத்த தளமே அளமாகும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

4. சங்க இலக்கியத்தில் உப்பு விளைநிலம்

சங்கப் பாடல்கள் உப்புத்தொழிலைப் பலவிடத்தும் கூறுகின்றன. அவற்றுள் உப்பு விளையும் நிலம் குறிக்கப்படும் முறை நுணுகி நோக்கத்தக்கது.

அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார், பரதவர் கழியை அடுத்த நிலத்தில் உப்பு விளைத்தலைக் கூறுகின்றார். அந்நிலத்தை அவர் செறு என்னும் உழவுச் சொல்லாற் குறிக்கின்றார். அவ்வாறு குறித்த உடனேயே அஃது உழப்படாத செறு என்பதையும் உணர்த்துகின்றார். மதுரைக் காஞ்சியும் உப்பு விளையும் கழிநிலத்தைச் செறு என்றே கூறும். குறுந்தொகையில் உப்பு விளையும் நிலத்திற்குக் கழனி என்னும் பெயர் வருகின்றது. நற்றிணையில் உலோச்சனார், உப்பு விளைப்போரை உழுதலில்லாத உழவர் எனக் குறித்து, அவர் கடற்கரைச் சோலையிற் குவித்த உப்பு உமணரின் வண்டிவரிசையை எதிர்நோக்கிக் காவலோடு கிடத்தலைக் காட்டுகின்றார்.

இவற்றால் இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, சங்கப் புலவர் உப்பை எடுபொருளாகக் கருதாமல் விளைபொருளாகக் கருதினர் என்பது. உப்பு 'விளைகிறது' என்றே தமிழ் கூறும். இவ்வழக்கு இன்றளவும் மாறவில்லை. இரண்டாவது, உப்பு விளைக்கும் நிலம் வயலோடு ஒப்பவைத்து எண்ணப்பட்டது என்பது. வரப்பும் பாத்தியும் நீர்பாய்ச்சலும் இரண்டிற்கும் பொது. ஏர் ஒன்றே வேறுபாடு. அவ்வேறுபாட்டையே புலவர் எடுத்துக்காட்டி நயம்படக் கூறினர்.

செறு, கழனி என்பன உழவிலிருந்து இரவல் பெற்ற சொற்கள். உப்புத்தொழிலுக்கே உரிய சொல்லாகிய அளம் நற்றிணையின் 354ஆம் பாடலில் வருகின்றது. இதுவும் உலோச்சனார் பாடலே. தலைவியைப் பற்றி ஊரில் எழுந்த அலரின் மிகுதிக்கு, கடுவெயிலில் விளைந்த உப்பை ஏற்றிய வண்டிகள் வரிசையாகச் செல்லுங்கால் அளத்தில் எழும் ஆரவாரம் அங்கே உவமையாகின்றது. இவ்வுவமை நம் ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாவது. அளம் என்பது ஆளரவமற்ற கடற்கரைப் பரப்பாயின் அஃது ஆரவாரத்திற்கு உவமையாதல் எங்ஙனம்? அளத்தை விளைப்போரும், விலைகொள்வோரும், வண்டி செலுத்துவோரும், அவற்றைக் காண்போருமாக மக்கள் மிடைந்த தொழிற்களமாகக் கேட்போர் அறிந்திருந்தாலன்றி இவ்வுவமை பயன்படாது. நெய்தல் நிலம் என்னும் பொதுப்பொருள் இங்கே பொருந்தாது; தொழிற்களம் என்னும் சிறப்புப்பொருளே பொருந்தும்.

விளைந்த உப்பு அளத்தோடு நின்றதில்லை. உமணர் அதனை வண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றினர். அவர் தம் வண்டியின் கீழே மாற்று அச்சுக் கட்டிச் சென்றதை ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் ஒன்று உவமையாக்குகின்றது. பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல்லேற்றி மீண்ட படகுகள் காட்டப்படுகின்றன. உப்புக்கு நெல் நேர் என விலைகூறும் வழக்கை அகநானூறு கூறுகின்றது. கடல்நீரும் வெயிலும் உழைப்புமன்றி வேறு முதலின்றி விளைந்த பொருள் நெல்லோடு ஒப்ப மதிக்கப்பட்டதென்றால், அதனை விளைத்த நிலமும் வயலோடு ஒப்ப மதிக்கப்பட்டதில் வியப்பில்லை.

5. நிகண்டுப் பொருளும் ஆகுபெயரும்

நிகண்டுகள் நெய்தல் நில மாக்களின் பெயர்களுள் 'அளவர்' என்பதனையும் எண்ணும். இதற்கு உப்பமைப்போர் என்பது பொருள். இச்சொல்லை அளப்பவர் எனக் கொள்ளாமல், அளம் என்பதன் அடியாகப் பிறந்த தொழிற்பெயர்க்கிளவி எனக் கொள்ளுதல் வேண்டும். உமணர் உப்பு வாணிகராகப் பாடல்களிற் பெரிதும் காணப்படுதலால், விளைப்போர்க்கு அளவர் என்றும், விற்போர்க்கு உமணர் என்றும் பெயர் அமைந்தமை தெளிவாகும். விளைப்போர் தாம் உழைத்த நிலத்தின் பெயரால் அழைக்கப்பட்டனர் என்பது கருதத்தக்கது.

அளம் என்பதற்கு நெய்தல் நிலம் என்னும் பொருள் வந்தது எவ்வாறு? நெய்தல் நிலத்தின் ஓர் உறுப்பு அளம். உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவருதல் தமிழ் மரபில் உண்டு. இலக்கண நூலார் அதனைச் சினையாகுபெயர் என்பர். நெய்தல் மக்களின் இரு பெருந்தொழில்கள் மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் ஆதலின், அளம் என்னும் உறுப்பின் பெயர் அந்நிலம் முழுமைக்கும் ஆகிவந்தது. எனவே தொழிற்களம் முதற்பொருள். திணைநிலம் அதனின்றும் பிறந்த வழிப்பொருள். அகராதியில் இரண்டும் ஒருங்கே நிற்பதால் இவ்வரிசை கற்போர்க்குப் புலப்படுவதில்லை.

6. ஊர்ப்பெயர்களும் ஆட்சி ஆவணங்களும்

அளம் தனித்து வழங்கிய காலத்தின் எச்சத்தை ஊர்ப்பெயர்களிற் காண்கிறோம். கோ + அளம் என்பது வகர உடம்படுமெய் பெற்றுக் 'கோவளம்' என்றாகும். இப்பெயருடைய ஊர்கள் சென்னைக்குத் தெற்கேயும், கன்னியாகுமரிக்கு அருகிலும், கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்தும் உள்ளன. இவற்றுள் முதலிரண்டும் உப்புத்தொழில் நடைபெற்ற ஊர்கள். ஆகவே அரசனுக்குரிய அளம் என அவ்வூர்ப்பெயர்க்குப் பொருள்கொள்ளுதல் பொருந்தும். கேரளத்துக் கோவளத்திற்குத் தென்னந்தோப்பு எனப் பொருள்கூறும் வழக்கும் உண்டு. ஓசையொப்புமை ஒன்றையே கொண்டு எல்லா ஊர்களுக்கும் ஒரே விளக்கம் கூறுதல் ஆராய்ச்சி நெறியாகாது. நிலத்தின் இயல்பும் தொழிலின் வரலாறும் உடன்வருமிடத்து மட்டுமே சொல்வழி விளக்கம் வலிமை பெறும்.

திருவாரூர் மாவட்டத்திலுள்ள பேரளம் என்னும் ஊர்ப்பெயரில் பெருமை + அளம் என்னும் பகுப்பு வெளிப்படையாக நிற்கின்றது. அவ்வூர் இன்று கடற்கரையில் இல்லை. நெல்வயல்கள் சூழ்ந்த காவிரிப்படுகையில் உள்ளது. அளம் என்பதற்கு மேலே காட்டிய சேற்றுநிலம் என்னும் அடிப்பொருள் இத்தகைய பெயர்களை ஆராய்வார்க்கு ஒரு புதிய வாயிலைத் திறக்கும். புதுச்சேரி நகரின் ஒரு பகுதி இன்றும் உப்பளம் என்றே வழங்குகின்றது. வீடுகளும் தெருக்களும் நிறைந்த அப்பகுதியில் தொழிலின் நினைவைப் பெயர் ஒன்றே சுமந்து நிற்கின்றது.

உப்பின்மேல் அரசுக்கு இருந்த உரிமை மிகப் பழையது. பல்லவரின் பிராகிருதச் செப்பேடுகள் நிலக்கொடை வழங்குங்கால் உப்பைப் பற்றிய அரசுரிமையிலிருந்து விலக்கு அளிக்கின்றன. சோழர் காலத்துச் சாசனங்களில் 'உப்பாயம்' என்னும் வரிப்பெயர் காணப்படுகின்றது. மரக்காணமும் தென்கோடியில் கன்னியாகுமரிப் பகுதியும் அக்காலத்தில் உப்பு விளைவுக்குப் பெயர்பெற்றிருந்தன. மரக்காணத்தில் இன்றும் அத்தொழில் நடைபெற்று வருகின்றது. இங்கெல்லாம் அரசு கொண்டது வருவாயில் ஒரு பங்கே. விளைப்போரின் உரிமையை முற்றும் நீக்கியதாக இவ்வாவணங்கள் காட்டவில்லை.

7. கும்பினியாட்சியும் சொல்லின் மயக்கமும்

இந்நிலை 1805ஆம் ஆண்டில் மாறிற்று. கிழக்கிந்தியக் கும்பினியார் அவ்வாண்டில் சென்னை மாகாணத்து உப்பைத் தம் தனியுரிமை ஆக்கினர். அதன்பின் அளத்தில் விளைந்த உப்பு முழுமையும் கும்பினியாரிடமே ஒப்படைக்கப்படல் வேண்டும். விலை அவர் வகுத்ததே. 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பும் ஆங்கிலேயர் பிடிக்குள் வந்தது. இத்தனியுரிமையின்கீழ் உப்பு விளைத்தவர்க்குக் கொடுக்கப்பட்ட தொகை 'குடிவாரம்' எனப்பட்டமை நினைக்கத்தக்கது. குடிவாரம் என்பது உழுகுடி தன் விளைவிற் பெறும் பங்கைக் குறிக்கும் வேளாண்மைச் சொல். நெல்லை அளக்கும் கரிசை என்னும் பேரளவையே உப்பையும் அளந்தது. 400 மரக்கால் கொண்டது ஒரு கரிசை. செறு, கழனி எனச் சங்கப் புலவர் கண்ட ஒப்புமை கும்பினியாரின் கணக்கேடுகளிலும் தொடர்ந்து நின்றது. எனினும் பெயரளவிற் குடியாக நின்றவன், தான் மிதித்து ஆக்கிய தளத்தின் விளைவில் ஒரு பிடியையும் தன் விருப்பப்படி விற்கவியலாதவனாயினான்.

1876ஆம் ஆண்டு அமைந்த சென்னை உப்பு ஆணையத்தின் ஆய்விற்குப் பின்னர்த் தனியுரிமை முறையோடு தீர்வைமுறையும் புகுந்தது. 1889ஆம் ஆண்டுச் சென்னை உப்புச் சட்டம் உரிமமின்றி உப்பு விளைத்தலைக் குற்றமாக்கியதோடு, இயற்கையில் தானே உறைந்த உப்பைத் திரட்டுதலையும் உரிமமின்றிச் செய்தற்கு இடந்தரவில்லை. இங்கேதான் சொற்பொருளும் சட்டமும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. தமிழ்மொழி உவரையும் கழியையும் அளத்தினின்றும் வேறுபடுத்தி வைத்தது. உவரிற் பூத்த உப்பு இயற்கையின் கொடை. அளத்தில் விளைந்த உப்பு உழைப்பின் பயன். சட்டமோ இவ்வெல்லையை அழித்தது. தானே பூத்ததை அள்ளுபவனும், பல திங்கள் உழைத்து விளைத்தவனும் அதன்முன் ஒருதன்மையர் ஆயினர்.

1930ஆம் ஆண்டு உப்பு அறப்போர் இம்மயக்கத்தின்மேல் எழுந்ததே. இராசகோபாலாச்சாரியாரின் தலைமையில் தொண்டர்கள் ஏப்பிரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து, 28ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்து, 30ஆம் நாள் அகத்தியம்பள்ளி அருகே உப்பெடுத்தனர். வேதாரணியத்தை அடுத்த உவர்ச் சதுப்பில் உப்பு ஆண்டுதோறும் தானே உறைவது. அங்ஙனம் நிலம் தானே தந்ததை எடுத்தல் குற்றமாகுமா என்பதே அவ்வறப்போர் எழுப்பிய வினா. 1931ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள் செய்துகொள்ளப்பட்ட காந்தி – இர்வின் உடன்படிக்கை, உப்பு விளையும் பகுதிகளை அடுத்த ஊரினர் தம் வீட்டுத்தேவைக்கும் தம் ஊருக்குள் விற்றற்கும் உப்பைத் திரட்டவும் விளைக்கவும் இடமளித்தது. 1947ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் உப்புவரி நீங்கிற்று.

8. இன்றைய வழக்கு

இற்றை நாளில் இந்தியாவின் உப்பு விளைவில் கூர்ச்சரத்தை அடுத்துத் தமிழ்நாடு நிற்கின்றது; தமிழ்நாட்டுள் தூத்துக்குடியே தலையாயது. அங்குள்ள தொழிலாளர் பேச்சில் அளம் என்னும் தனிச்சொல் இன்னும் உயிரோடு உள்ளது. இராசம் கிருட்டிணன் 1979இல் வெளியிட்ட 'கரிப்பு மணிகள்' என்னும் புதினம் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. அதில் அளம் என்னும் சொல் தொழிலாளர் நாவில் வழங்குமாறே இயல்பாக ஆளப்பட்டுள்ளது. நூல்வழக்கில் அருகிய சொல்லை உலகவழக்குக் காத்து நின்றமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அளத்தின் உறுப்புகளுக்கும் தனிப்பெயர்கள் உண்டு. கடல்நீரைத் தேக்கிச் செறிவேற்றும் இடம் தெப்பம். உப்பு உறையும் இடம் பாத்தி. வாரிய உப்பைச் சேர்க்கும் உயர்ந்த இடம் தட்டுமேடு. அங்கே குவித்த குவியல் அம்பாரம். உப்பை இழுக்கும் கருவி வாருபலகை. கடல்நீரின் செறிவு பௌமே அளவையில் ஏறத்தாழ 3 பாகை. வெயிலில் வற்றி அஃது ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போது உப்பு உறையத் தொடங்கும். அதற்குமுன் சுண்ணாம்புச் சேர்மங்கள் படிந்துவிடும். 30 பாகையை நெருங்கும்போது கசப்புடைய மக்னீசிய உப்புகள் கலத்தலால் எஞ்சிய நீரை வடித்துவிடுதல் வேண்டும். இவ்விரு எல்லைக்கு இடைப்பட்ட பதத்தை அறிந்து நீரை ஒரு கட்டிலிருந்து மறு கட்டிற்குக் கடத்துவதே அளத்தொழிலின் நுட்பம். கருவிகள் வருமுன்னர் இப்பதத்தைக் கண்ணாலும் கையாலும் நாவாலும் அறிந்தனர். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இவ்வமைப்பு முழுவதும் நீரில் மூழ்கும். தை பிறந்தபின் மீண்டும் சேற்றை மிதிக்கும் வேலை தொடங்கும்.

இத்தொழிலின் இயல்பை அறியாதார் அளத்தை வெற்றுக் கடற்கரை நிலமாகவே காண்பர். பயிரில்லை, மரமில்லை, ஆதலின் தரிசு எனக் கருதுவர். மழைக்காலத்தில் அதனை நோக்குவார்க்கு ஒரு நீர்ப்பரப்பே தோன்றும். நிலத்தைப் பிறிதொரு பயனுக்கு மாற்றக் கருதுவார்க்கு அத்தோற்றமே போதிய காரணமாகிவிடும். ஏர்படாமையால் வயல் என்னும் மதிப்பு அதற்கு இல்லை. கூரையும் சுவரும் இன்மையால் ஆலை என்னும் மதிப்பும் இல்லை. வயலுக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட இந்நிலத்திற்குரிய மதிப்பை உணர்த்தவல்ல சொல் தமிழிற் பண்டே உண்டு. அதன் பொருள்தான் மங்கிவிட்டது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு: அளம் என்பது அளறு, அளக்கர், அளைதல் என்னும் சொற்களோடு இனமுடையது, குழைத்து ஆக்கிய சேற்றுத்தளம் என்பது அதன் அடிப்பொருள். உவர், களர், கழி என்பன இயற்கை நிலத்தையும் நீரையும் குறிக்க, அளம் உழைப்பால் அமைந்த தொழில்நிலத்தைக் குறிக்கும். சங்க இலக்கிய ஆட்சியும் அதனை மக்கள் மிடைந்த தொழிற்களமாகவே காட்டுகின்றது. நெய்தல் நிலம் என்னும் பொருள் ஆகுபெயராற் பின்வந்தது. கோவளம் முதலிய ஊர்ப்பெயர்கள் இச்சொல் தனித்து வழங்கிய காலத்தைச் சுட்டுகின்றன.

இம்முடிவுகளையொட்டி இரண்டு பணிகள் தமிழாய்வாளரை எதிர்நோக்கியுள்ளன. ஒன்று, இனி வெளிவரும் அகராதிகளில் அளம் என்பதன் பொருள்களை வரலாற்று முறையில் வரிசைப்படுத்தி, 'உப்பு விளைத்தற்கென ஆக்கப்பட்ட நிலம்' என்பதனை முதற்பொருளாக நிறுத்துதல். மற்றொன்று, மரக்காணம் முதல் கன்னியாகுமரி வரை உப்பு விளையும் ஊர்களுக்குச் சென்று, அளத்தின் உறுப்புகளுக்கும் செயல்களுக்கும் வழங்கும் சொற்களை ஊர்தோறும் திரட்டுதல். எந்திரங்கள் புகப்புக, நீரின் பதத்தை நாவால் அறிந்த தலைமுறையினரோடு அச்சொற்களும் மறையும். உழவுச் சொற்களைத் தொகுத்தற்கு எடுத்துக்கொண்ட முயற்சியில் ஒரு பகுதியேனும் இவ்வுழாத உழவரின் சொற்களுக்கும் உரியது. சங்கப் புலவர் அவர்களுக்கு உழவர் என்னும் பெயரை அளித்தனர். அவர்தம் நிலத்திற்குரிய பெயரை அதன் உண்மைப் பொருளோடு மீட்டளித்தல் நம் கடனாகும்.